தோற்ற குப்பிகளுக்கு ஒரு பூட்டு

ஆய்வகத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். குளிர்ந்த தண்ணீரிலேயே துணியின் எண்ணெய்க் கறையைக் கரைக்கும் புரதம் ஒன்றை, மூன்று இடங்களில் மாற்றி உருவாக்கியவள். சரிவராத குப்பிகளைக்கூட எறியமாட்டாள். உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிடுவாள். குப்பையைக் கிளறவும் ஆள் வைப்பார்கள் என்பது அவள் எண்ணம்.

"அக்கா தன் நிழல்கிட்டயே அடையாள அட்டை கேப்பா" என்பான், அவளோடு சேர்ந்து தொழில் நடத்தும் தம்பி.

அவள் கேட்ட காப்புரிமையை அலுவலகம் மறுத்துவிட்டது. மூன்று மாற்றங்களும் பழைய கட்டுரைகளில் தனித்தனியாக இருக்கின்றனவாம். துறை தெரிந்த எவருக்கும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுமாம். மேல்முறையீட்டிலும் தோற்றால் பெரிய நிறுவனங்கள் அதை இஷ்டத்துக்குச் செய்து விற்கும். அக்காவும் தம்பியும் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

மேல்முறையீட்டுக்காக வந்த வக்கீல் எதற்கெடுத்தாலும் சிரித்தார். அதுவே அவளுக்கு உறுத்தியது.

"ரெண்டு மாற்றத்தை மட்டும் சேர்த்துப் பாத்தீங்களாம்மா?"

பார்த்திருந்தாள். எந்த இரண்டைச் சேர்த்தாலும் புரதம் பால் திரிந்தாற்போலக் கெட்டது. மூன்றும் சேர்ந்தபோதுதான் தெளிந்து நின்றது. தோற்றதை வெளியே காட்டுவது அவர்கள் தொழிலில் வழக்கமில்லை. அதனால் விண்ணப்பத்தில் அவள் மூச்சே விடவில்லை.

"எல்லாம் நேராப் போச்சுன்னு எழுதினா, யாருக்கும் தோணும்னுதானே சொல்லுவாங்க? கெட்டுப்போனதைக் குடுங்க. வெளியாள் ஒருத்தர் முன்னால திரும்பச் செஞ்சு காட்டுவோம்."

வக்கீல் போன் பேச வெளியே போனதும் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டாள். "பூனை சாப்பிட்டுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பூனை என்றால் யார் என்று யோசித்தாள்.

அவர் திரும்பி வந்ததும் கேட்டாள்: "இதைக் குடுத்தா மத்தவங்க படிப்பாங்களா?"

"படிப்பாங்கம்மா. யார் வேணும்னாலும்."

ஏமாற்றுகிறவனாக இருந்தால் படிக்கமாட்டார்கள் என்றல்லவா சொல்லியிருப்பான்? அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அதையும் அவர் கையில் தராமல், தானே திறந்தாள்.

வெளி நிபுணரின் கண்ணெதிரே குப்பிகள் மறுபடி திரிந்தன. மேல்முறையீட்டு விசாரணையில் குழுத் தலைவர் அவளையே கேட்டார்.

"ரெண்டு சேர்ந்தே கெட்டுப்போச்சே. அப்புறம் எந்த தைரியத்துல மூணாவதைச் சேர்த்தீங்க?"

"அந்த வழியே சரியில்லைன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. நான் நம்பலைங்க."

"யாரை?"

"யாரையும்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். தலைவர் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

மறுப்பு செல்லாது என்று உத்தரவு வந்தது. அவள் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அலுவலகத்துக்கே போன் செய்து உண்மைதானா என்று கேட்டுக்கொண்டாள். ஊரே படிக்கப்போகிற குப்பிகளுக்கு இனிப் பூட்டு எதற்கு? கழற்றினாள்.

மறுநாள் தம்பி வந்து பார்த்தபோது பிஸ்கட் டப்பாவில் அது தொங்கியது.