மூன்றாம் வாசல்காரியைப் பற்றிய கருத்துகள்

திங்கட்கிழமை காலை, பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவிக்கு ஃபோன் வந்தது. இரண்டு கையிலும் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் நானும் கேட்க நேர்ந்தது.

பேசியவர் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு நிறுவனத்தின் ஒலிப்பிரிவுக்காரர். கன்னடக்காரர். தமிழை நன்றாகவே பேசுவார், வாக்கியத்துக்கு ஒரு ‘மேடம்’ வைத்து. அவர் மகள், என் மனைவி கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் படிக்கிறாள். ஒருமுறை பள்ளி விளையாட்டு விழாவில் மைக் பழுதாகிவிட, மைதானத்தின் மறுகோடியில் சிதறி நின்ற பிள்ளைகளை என் மனைவி வெறுங்குரலில் வரிசைக்கு வரவழைத்தாள். பெற்றோர் கூட்டத்தில் இருந்த அவர் அதைக் கேட்டுவிட்டார். எல்லாம் அங்கே தொடங்கியது.

அவர்கள் செய்த விளையாட்டு என்ன என்பதை என் புத்திக்கு எட்டியவரை சொல்கிறேன். ஒரு வீரன் கத்தியோடு பாதாள உலகங்களுக்குள் இறங்குகிறான். எதிரே வரும் அசுரர்களை வெட்டித் தள்ளுகிறான். விழுந்தவர்கள் விட்டுப்போகும் ஆயுதங்களையும் கவசங்களையும் பொறுக்கிக்கொண்டு பலம் ஏறுகிறான். ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு வாசல், வாசலுக்கு ஒரு காவல். மூன்றாம் வாசலில் நிற்பவள் பனைமர உயரத்தில் ஒரு பெண். கையில் உலக்கை. விளையாட்டின் தமிழ்ப் பதிப்பில் அவளுக்குக் குரல், என் மனைவி.

அவளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட வசனம் ‘மானிடப் பதரே, உன் முடிவு நெருங்கிவிட்டது’ என்கிற வகை. பஞ்சு ஒட்டிய அறைக்குள் நின்று அதை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பிறகு, “சார், வாசல்ல நிக்கிற பொம்பளை எங்கியாச்சும் இப்படிப் பேசுவாளா?” என்று கேட்டுவிட்டுச் சொந்தமாகச் சிலதைச் சொல்லியிருக்கிறாள். வீரன் வந்து நின்றால், “வந்துட்டியா? போன தடவை சொன்னது காதுல ஏறலையா?” அடிபட்டு விழுந்தால், “எழுந்திரு. இன்னும் முடியலை.” அதுவே பதிவானது, அதுவே விளையாட்டிலும் வந்துவிட்டது.

ஃபோனில் அவர் சொன்னது இது. “ரெண்டாவது பார்ட் ஸ்டார்ட் பண்றோம் மேடம். நீங்க சொந்தமா சொன்ன டயலாக் இருக்கில்ல, அதை வெச்சுக்கலாமா பேடவான்னு ஆபீஸ்ல ஒரே கலாட்டா. ஆடுறவங்க அதைப் பத்தி ஜாஸ்தி எழுதியிருக்காங்க மேடம். நீங்களே படிச்சுப் பாருங்க. திரும்ப வர்றீங்களான்னு சனிக்கிழமைக்குள்ள சொன்னாப் போதும். ஸ்கிரிப்ட்ல இருக்கறதை அப்படியே பேசற ஒரு ஆர்ட்டிஸ்டும் ரெடியா இருக்காங்க.”

அவர் வைத்ததும் அவள் என்னைப் பார்த்தாள். “என்னாங்க, நீங்க படிச்சுச் சொல்லுங்க.”

“உன்னைப் பத்தி எழுதினதை நான் எதுக்குப் படிக்கணும்?”

“பேப்பர் திருத்தித் திருத்திக் கெட்டுப்போன கண்ணு இது. தப்பு மட்டும்தான் கண்ணுல படும். நான் படிச்சா அழுதுடுவேன்.”

“உன் குரலுக்கு என்ன? ஞாயித்துக்கிழமை கோயில்ல நீ பைபிள் வாசகம் வாசிச்சா எல்லாரும் நல்லாருக்குன்னுதானே சொல்றாங்க.”

“அவங்க தெரிஞ்சவங்க. மூஞ்சிக்கு நேரா வேற என்னா சொல்லுவாங்க? இவனுங்க என்னை யாருன்னே தெரியாதவனுங்க. அவனுங்களுக்குப் பிடிச்சிருந்தா போறேன். இல்லாட்டி வேணாம். அவ்ளோதான்.”

சொல்லிவிட்டு மாவைத் திரும்பப் பிசைந்தாள். சாதாரணமாகப் பேசுகிற தோரணைதான். ஆனால் பிசைந்து முடித்த மாவை அவள் மறுபடி பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அன்று மாலையே விளையாட்டை விற்கும் இணையப் பக்கத்தைத் திறந்து ஆரம்பித்தேன். என் நாட்குறிப்பில் பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் கெட்டது. நான் பம்ப் பாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். பிரிப்பதுதான் என் வேலை. ஒரு மாலை போதும் என்று நினைத்தேன்.

முதல் கருத்தே என்னைத் திகைக்க வைத்தது. “அருமையான கேம். என் வாழ்க்கை நாசமாப் போச்சு. எல்லாரும் வாங்குங்க.” நல்லது என்று எழுதினேன், பிறகு அடித்தேன். அடுத்தது: “யாரும் வாங்காதீங்க. குப்பை.” இது தெளிவு என்று வலப்பக்கம் எழுதப் போனேன். ஒவ்வொரு கருத்தின் கீழும் எழுதியவர் மொத்தம் எவ்வளவு நேரம் ஆடியிருக்கிறார், கடைசியாக எப்போது ஆடினார் என்று போட்டிருக்கும். குப்பை என்று சொன்னவர், அந்தப் பக்கத்தில் வேறு எவரையும்விட அதிகமாக ஆடியிருந்தார். அன்று காலையிலும் ஆடியிருந்தார். நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்த இன்னொருவரோ முதல் வாசலைக்கூடத் தாண்டியிருக்க முடியாது, அவ்வளவு குறைவான நேரம்.

கத்தி வீசுவது வெண்ணெயில் இறங்குவது போல இருக்கிறது என்று ஒருவர் மகிழ்ந்தார். வெண்ணெயில் இறங்குவது போல இருக்கிறது, எலும்பில் பட்ட உணர்ச்சியே இல்லை என்று இன்னொருவர் வருந்தினார். ஒரே அசுரனை ஓயாமல் வெட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்பது ஒருவருக்குக் குறை. இன்னொருவருக்கு, வேலை முடிந்து வந்து மூளையைக் கழற்றி வைத்துவிட்டு அதைச் செய்வதுதான் நிம்மதி. நம் புராணத்தை இப்போதாவது ஒழுங்காக எடுத்தார்களே என்று ஒருவர் கும்பிட்டிருந்தார். அதற்கு நேர் கீழே, “எந்தப் புராணத்துல உலக்கையோட ஒருத்தி வாசல்ல நிக்கிறா? ஆதாரம் காட்டு” என்று ஒரு சண்டை. அதற்கு வந்த பதில்: “உங்க வீட்டு வாசல்ல போய்ப் பாரு ப்ரோ.”

என் மனைவியைப் பற்றியவை இன்னும் மோசம், அல்லது இன்னும் நல்லவை. எனக்குத் தெரியவில்லை.

“வாசல்ல நிக்கிற அந்தம்மா வாயை மூடினா அஞ்சு ஸ்டார் குடுப்பேன்.”

“அந்தக் குரலைக் கேட்டா எங்க கணக்கு டீச்சர் ஞாபகம் வருது. பட்டனைத் தப்பா அமுக்கிட்டேன்.”

“செத்துக் கிடக்கறவனைப் பாத்து எழுந்திருன்னு சொல்ற பொம்பளையை நான் எங்கியும் பாத்ததில்லை. மனுஷியா இவ?”

“எங்க ஆபீஸ்ல யாராச்சும் தூங்கினா இப்ப எல்லாரும் ‘எழுந்திரு, இன்னும் முடியலை’ன்னுதான் கத்துறோம். தயவுசெஞ்சு நிறுத்துங்கடா டேய்.”

பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, மூன்றாவது பகுதிக்குப் ‘புரியவில்லை’ என்று தலைப்புக் கொடுத்தேன். புதன்கிழமைக்குள் அந்தப் பகுதி மற்ற இரண்டையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல வார்ப்பின் மேல் யாரும் எதுவும் எழுதுவதில்லை. அது பேசாமல் அடுத்த மேசைக்குப் போய்விடும். குறையுள்ளதன் மேல் மட்டும்தான் சாக்பீஸால் எழுதி, வட்டம் போட்டு, சிவப்புத் தொட்டியில் வைப்போம். எழுத்து இருந்தால் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவு வருடங்களில் இந்த விதி என்னை ஏமாற்றியதில்லை. குழப்பம் தாங்காமல், வியாழக்கிழமை அதையே இங்கும் வைத்துப் பார்த்தேன். மற்ற வாசல்காரர்களின் குரலைப் பற்றி அநேகமாக யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாசலைப் பற்றி மட்டும் அவ்வளவு எழுத்து. உடனே எல்லாம் தெளிவாகிவிட்டது போலிருந்தது.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். “பாத்துட்டேன். பெரும்பாலும் ரிஜெக்ட்தான்.”

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. “என்னாவாம்?”

“வாயை மூடச் சொல்றாங்க. உன் சொந்த டயலாக்தான் பிரச்சனை போல. மத்தவங்க பேசறதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலை.”

“நல்லதா ஒருத்தன்கூட எழுதலியா?”

“எழுதியிருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியலை.”

“சரி, விடுங்க. சனிக்கிழமை சொல்லிடறேன்.” பிறகு சிரித்தாள். “நல்லவேளை, கோயில்ல யாரும் ஸ்டார் போடறதில்லை.”

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை அவள் எப்போதும் ஞாயிறு வாசகத்தைப் பழகுவாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, உரக்க. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். வாசகம் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான். அன்று பீன்ஸ் நறுக்கும் சத்தம் மட்டும் வந்தது. எட்டிப் பார்த்தேன். புத்தகம் திறந்திருந்தது. உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை.

“என்னா, தொண்டை சரியில்லையா?”

“தொண்டைக்கு என்னா? சும்மா மெதுவா வாசிக்கிறேன். எதுக்கு எல்லாரையும் தொந்தரவு பண்ணணும்?”

தொந்தரவு என்ற சொல்லை அவள் தன் குரலைப் பற்றி இதற்குமுன் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைய நாட்குறிப்பில் எதை எழுதுவது என்று தெரியாமல் பீன்ஸ் என்று எழுதி வைத்தேன்.

ஒரு வார்ப்பை ஒதுக்கியது சரியா என்று சந்தேகம் வந்தால், சாக்பீஸ் எழுத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் பயனில்லை. அளவுகோலை எடுத்து நாமே அளக்க வேண்டும். எனக்கு இது சனிக்கிழமை காலையில்தான் உறைத்தது. அவள் அல்சூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போனதும், நிறுவனம் அவளுக்கென்று அனுப்பியிருந்த விளையாட்டுப் பிரதியைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். குரல் கொடுத்தவர்கள் கேட்டுப் பார்ப்பதற்காக, அதில் எந்த வாசலிலிருந்தும் தொடங்கலாம் என்று வைத்திருந்தார்கள். மூன்றாவதைத் தேர்ந்தேன்.

கதவு திறந்தது. புகை. உலக்கை தரையில் இடிக்கும் ஓசை. பிறகு என் சமையலறையிலிருந்து வருவது போல அந்தக் குரல். “வந்துட்டியா?”

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. எந்தப் பொத்தான் எதற்கு என்று பார்ப்பதற்குள் உலக்கை விழுந்தது, நான் செத்தேன். “எழுந்திரு. இன்னும் முடியலை.” எழுந்தேன். பொத்தான் மாறி, கத்தி வீசுவதற்குப் பதிலாகத் தண்ணீர் குடித்தேன், செத்தேன். எழுந்தேன். இடப்பக்கம் நகர வேண்டியபோது வலப்பக்கம் போனேன். “போன தடவை சொன்னது காதுல ஏறலையா?” ஏறியிருந்தது. அதனால்தான் எரிச்சல் வந்தது. ஓர் அடி, அவள் மேல் ஒரே ஓர் அடி வைத்துவிட்டு மூடிவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வைத்தேன். அவள் மூக்கால் சிரித்தாள். என் மனைவி என் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கும்போது சிரிக்கும் அதே சிரிப்பு. அடுத்த உலக்கை விழுந்தது.

“கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்கியா!” என்று கத்தினேன்.

“யாரைச் சொல்றீங்க?”

கதவருகே காய்கறிப் பையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

“உன்னை இல்லை. இவளை.”

“அதுவும் நான்தானே.” பையை இறக்கிவிட்டு அருகே வந்து திரையைப் பார்த்தாள். “இதுவா? இவ்ளோ உசரமாவா என்னை வரைஞ்சிருக்கானுங்க? ஐயோ, எதுக்கு அங்க போய் நிக்கிறீங்க? அவ உலக்கையைத் தூக்கினா பின்னாடி போகாதீங்க, கிட்டப் போங்க. கிட்டப் போனா அடிக்க முடியாது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவ ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி மூச்சு இழுக்கறது நான்தானே? அப்ப வெறும் கோட்டுப் படத்துல, எந்த மூச்சுக்கு எந்த அடின்னு காமிச்சுத்தான் பேச வெச்சாங்க.”

கிட்டப் போனேன். பிழைத்தேன். இரண்டு அடி வைத்தேன். மூன்றாவதற்கு ஆசைப்பட்டுச் செத்தேன். ஒரே சமயத்தில் ஸ்பீக்கரிலிருந்தும் பக்கத்திலிருந்தும் “எழுந்திரு” என்று கேட்டது. அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மன்னிச்சுக்குங்க, பழக்கம்” என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “இப்ப நீங்க சொல்லுங்க. பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?” என்றாள்.

நான் யோசித்தேன். நேர்மையாகத்தான் யோசித்தேன். “தெரியலைம்மா. எரிச்சல் எரிச்சலா வருது. வாயை மூடினா தேவலைன்னு இருக்கு.”

அவள் முகம் மாறத் தொடங்கியது.

“ஆனா மூடிட்டா எதுக்கு எழுந்திருக்கணும்னு தெரியலை” என்றேன். “இன்னும் ஒரு தடவை ஆடிட்டுச் சொல்றேன்.”

“வியாழக்கிழமை இதைச் சொல்லலியே.”

“வியாழக்கிழமை நான் ஆடலையே.”

“ஆடாமலேவா ரிஜெக்ட்னு சொன்னீங்க? நல்ல இன்ஸ்பெக்டர்!” முருங்கைக்காயை என் பக்கம் உலக்கை மாதிரி நீட்டினாள். “அவனுங்க எல்லாரும் இப்படித்தான் எழுதியிருக்கானுங்களா? திட்டிட்டு, திரும்ப வந்து, திட்டிட்டு?”

“அநேகமா.”

“அப்ப என் கிளாஸ் பசங்க மாதிரிதான்.”

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். “நமஸ்காரம் சார். வர்றேன். இல்லை சார், யோசிச்சுட்டேன். ஆனா ஸ்கிரிப்டை முன்னாடியே அனுப்பிடுங்க. மானிடப் பதரே எல்லாம் என்னால சொல்ல முடியாது.” எதிர்முனையில் “ஆய்த்து மேடம், ஆய்த்து” என்று அவர் சம்மதிப்பது எனக்கே கேட்டது.

நாட்குறிப்பின் மூன்று பகுதிகளில் என் கருத்தை எங்கே எழுதுவது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்போது அதைப் பற்றி நினைக்கவும் நேரமில்லை. மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. கிட்டப் போனேன்.

அவள் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள். “என்னாங்க, சத்தத்தைச் சொல்பம் குறைங்க. நான் பேசறது அவருக்குக் கேக்கலையாம், அவதான் பேசறாளாம்.”

குறைத்தேன். நிறுத்தவில்லை.