சைடு வீல் வண்டியில் தஞ்சாவூர்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நான் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறேன். என் தோழி கீழே பில் போடுகிறாள். பன்னிரண்டு வருஷமாக மதியச் சாப்பாடு எங்களுக்கு ஒன்றாகத்தான். சின்ன வயதில் போலியோ வந்ததில் அவளுக்கு இரண்டு கால்களிலும் பலம் கிடையாது. வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் காலிப்பர் பூட்டி, கையில் ஊன்றுகோலுடன் நடப்பாள்.

போன வருஷம் கடைக்காரர்கள் எங்கள் எல்லோரையும் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். பஸ் படி உயரம் என்று குடோனில் வேலை செய்யும் இருவர் அவளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பெரிய கோயில் வாசலில் மேனேஜர், வெயில் அதிகம், நடை அதிகம், நீ பஸ்ஸிலேயே இரும்மா என்றார். எல்லோரும் இறங்கினோம். நானும் இறங்கினேன். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்ன நான் திரும்பி வர இரண்டு மணி நேரமானது. அவள் இருந்த ஜன்னல் வழியாகக் கோட்டைச் சுவரும் இளநீர் வண்டிகளும்தான் தெரிந்திருக்கும்.

ஊர் திரும்பும் வழியில் விழுப்புரம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "ஒரு நாள் நானே ஓட்டிகினு வருவேன். நீ பின்னாடி குந்திக்கோ."

கோபத்தில் சொல்கிறாள், நாலு நாளில் மறந்துவிடும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. அவளிடம் பின்பக்கம் இரண்டு சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் இருக்கிறது. அதில்தான் தினமும் பெரும்பாக்கத்திலிருந்து வேலைக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக மாமல்லபுரம் வரை போய் வந்தாள். பிறகு பாண்டிச்சேரி வரை. முதுகு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்க்கிறாளாம். பொங்கல் விற்பனை முடிந்ததும் எனக்கும் சேர்த்து அவளே மூன்று நாள் லீவு கேட்டு வாங்கிவிட்டாள்.

என் கணவர் ரயிலில் போகலாமே என்றார். அவளுடைய அண்ணன் வண்டிச் சாவியை எடுத்து ஒளித்து வைத்தார். அன்றைக்கு அவள் ஆட்டோவில் வேலைக்கு வந்தாள். சண்டை போடவில்லை. தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்து மாற்றுச் சாவி போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த அண்ணன் பழைய சாவியையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

விடிவதற்குள் அடையாறு டெப்போ எதிரில் ஏறிக்கொண்டேன். நாற்பதுக்கு மேல் போக மாட்டேன் என்று சொல்லியிருந்தாள், போகவுமில்லை. கார்களும் பஸ்களும் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. மரக்காணத்தில் இட்லி சாப்பிட்டோம். உப்பளங்களைத் தாண்டியதும் வண்டி இடது பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தேன். சைடு வீலைத் தாங்கும் இரும்புப் பட்டை பாதி விரிசல் விட்டிருந்தது.

அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க, நான் மெதுவாகத் தள்ள, அடுத்த ஊர் மெக்கானிக்கிடம் போனோம். இந்த மாதிரி வண்டியில் அவர் கை வைத்ததில்லையாம். வண்டி இங்கேயே இருக்கட்டும், பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சொல்லியும் விட்டேன்.

"வண்டிய வுட்டுட்டுப் போறதுக்கா இவ்ளோ தூரம் ஓட்டிகினு வந்தேன்? நீ வேணா பஸ்ல போ. நா வண்டியோட வரேன்."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பக்கத்தில் இரும்பு கேட் செய்யும் வெல்டிங் பட்டறை ஒன்று இருந்தது. அவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த நட்டை முதலில் கழற்ற வேண்டும், பட்டைக்கு உள்பக்கம் எங்கே இரும்புத் துண்டு வைத்துப் பற்ற வைக்க வேண்டும் என்று பட்டறைக்காரருக்குச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு சொன்னபடி செய்தார். மூன்று மணி நேரம் போயிற்று. சாயங்காலம் சிதம்பரம் சேர்ந்தபோது அவளால் முதுகை நிமிர்த்த முடியவில்லை. லாட்ஜில் தரைத்தள அறைதான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு, தைலம் தேய்க்கச் சொல்லிப் படுத்தாள்.

மறுநாள் விடியுமுன் கிளம்பி, காலை ஒன்பது மணிக்குப் பெரிய கோயில் வாசலில் நின்றோம். செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய காலிப்பர் ஷூவோடு சேர்ந்தது. ஷூ இல்லாமல் நிற்க முடியாது. நான் திகைத்து நிற்க, அவள் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தாள். கெட்டிக் கான்வாஸில் தைத்த புது ஷூ. தோல் கிடையாது, இதுவரை தரையில் படாதது. சிந்தாதிரிப்பேட்டையில் சொல்லிச் செய்தது என்றாள். வண்டி மேலேயே உட்கார்ந்து பழையதைக் கழற்றி இதை மாட்டிக்கொண்டாள். வாசலில் இருந்த காவலர் குனிந்து பார்த்தார். அவள் விளக்கினாள். அவர் தலையசைத்து வழிவிட்டார்.

இரண்டு கோபுரங்களையும் கடந்து முற்றத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். விமானம் முழுசாக எதிரில் இருந்தது. என் தோளைப் பிடித்துக்கொள் என்றேன். வேண்டாம் என்றாள். நாலு எட்டு, ஒரு நிறுத்தம், நாலு எட்டு. பிராகாரத்தைச் சுற்றி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. சுவரில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். நிழல் விழுந்த பக்கம் உட்கார்ந்தோம்.

அங்கேதான் சொன்னேன். போன தடவை உள்ளே வந்த பிறகு அவளை நான் நினைக்கவே இல்லை என்று.

"தெரியும்டி" என்றாள். "நீ திரும்பி பஸ்ல ஏறசொல்ல உன் மூஞ்சில அவ்ளோ சந்தோஷம். உள்ள இன்னாவோ கீது, அத்தப் பாக்காம வுடக்கூடாதுன்னு அப்பதான் தோணிச்சு."

எனக்கு அழுகை வந்தது. அவள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுந்து படிகள் பக்கம் போனாள். சன்னதிக்குப் போகும் படிகள் உயரமானவை. இரண்டு பேர் தூக்கிவிட முன்வந்தார்கள். கும்பிட்டு மறுத்தாள். ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, படிகளுக்கு முதுகைக் காட்டி முதல் படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். பிறகு அடுத்தது. வரிசையில் வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினாள். மேலே போய் எழுந்து நிற்க மட்டும் என் கையைக் கேட்டாள்.

உள்ளே லிங்கத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். வேண்டிக்கொண்டாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

திரும்பும்போது சோழிங்கநல்லூரிலேயே இறங்கிக்கொள்கிறேன், அங்கிருந்து அவள் வீடு பக்கம் என்றேன். கேட்கவில்லை. மயிலாப்பூர் வரை கொண்டுவந்து என் வீட்டு வாசலில் விட்டாள். இறங்கினால் மறுபடி ஏறுவது கஷ்டம் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். என் கணவர் டீயைத் தெருவுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பற்ற வைத்த இடத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். உறுதியாக இருக்கிறது என்றார். அவள் டீயைக் குடித்து முடித்து டம்ளரை நீட்டினாள். இரு உள்ளங்கைகளும் தோல் உரிந்து சிவந்திருந்தன. நாளைக்கு லீவு போடு என்றேன். ஸ்டாக் எடுக்கும் நேரம், முடியாது என்று சொல்லி வண்டியைத் திருப்பினாள்.