முதியோர் இல்லத்தில் மூன்று தவணை

ஊசி போடுகிற வேலையில் ஒரு பெரிய வசதி, யாரும் நம்மைப் பார்த்துப் பொய்யாகச் சிரிப்பதில்லை. பஞ்சும் ஸ்பிரிட்டுமாக வாசலில் போய் நின்றவுடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர்களோடு காலம் தள்ளுகிற என் இனத்தாரே, இது உங்களுக்காக. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடுகிற எதிர்க்கட்சிக்காரர்களும் படிக்கலாம். கோபமில்லை.

கடற்கரை ஊரான உவரியிலிருந்து வந்து, தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் நர்ஸாக இருந்தேன். தாமிரபரணிக் கரையில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்கும் அவர்தான் வைத்தியம். அங்கே சங்கரலிங்கம் என்று ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். எங்கள் பக்கத்தில் வாத்தியார்களை ‘சார்வாள்’ என்போம். அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். குடலிறக்க ஆபரேஷனுக்கு ரத்தம் சோதித்தபோது சார்வாளுக்கு ‘பி’ வகை மஞ்சள் காமாலை வைரஸ் இருப்பது தெரிந்தது. அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்கு முன்பே சேதி இல்லத்துக்குத் திரும்பிவிட்டது.

‘அவரை அனுப்புங்கள்’ என்று ஒரே கூச்சல். மற்ற முப்பது பேருக்கும், அதாவது இருபத்தோரு பெரியவர்களுக்கும் ஒன்பது வேலையாட்களுக்கும், விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தோம். நல்லவேளை, வேறு யாருக்கும் இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டால் பயமில்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். நிர்வாகம் யோசித்து ஒரு முடிவு சொன்னது: ஆறு மாதத்தில் மூன்று தவணை, மூன்றாம் தவணை நாளுக்குள் ஒருவர் பாக்கியில்லாமல் ஊசிக்குக் கை நீட்டியிருந்தால் சார்வாள் இருக்கலாம், ஒருவர் மறுத்தாலும் அன்றே அவர் வெளியே போக வேண்டும். சார்வாளுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. போக ஒரு வாசற்படியும் கிடையாது. இது தெரிந்தபிறகு எனக்கு அந்த ஊசி மருந்துப் பெட்டி ரொம்பவே கனத்தது.

சிவப்புப் பொட்டு வைத்த தம்ளர்

முதல் நாள் போனபோது சாப்பாட்டுக் கூடத்தில் சார்வாளின் தம்ளரைப் பார்த்தேன். அடையாளத்துக்கு அதில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு. தட்டும் தனி, கைகழுவும் தொட்டி ஓரமாக உட்காரும் இடமும் தனி. இந்த வைரஸ் சாப்பாட்டில், தம்ளரில் தொற்றாது, ரத்தத்தில்தான் தொற்றும் என்று தொண்டை வறளச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிக்கொண்டே தங்கள் தம்ளர்களைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பின்வாசலில் வேப்பமரத்தடியில் சவரம் நடந்துகொண்டிருந்தது. இசக்கி என்பவர் வாராவாரம் வந்து ஆண்கள் எல்லோருக்கும் முகம் மழிப்பார். எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் முதல் ஆளாகச் சார்வாள். பின்னால் வரிசையாக, அவருடைய தம்ளரைத் தொடமாட்டேன் என்ற அத்தனை பேரும். எல்லோருக்கும் ஒரே பிளேடு! பாய்ந்து போய்ப் பிடுங்கினேன். அந்த வாரத்திலிருந்து ஆளுக்கொரு புது பிளேடு என்று ஏற்பாடாயிற்று. இசக்கிக்குத்தான் மனசு ஆறவில்லை. என்னிடம் நியாயம் கேட்டார்: “ஒரு பிளேடு எட்டுத் தாடை தாங்கும் சிஸ்டர். சார்வாளுக்கு மொத ஆளா போட்டாத்தான கூரா இருக்கும்? பெரிய மனுசர்லா!”

இடுப்பைக் காட்டியவர்

அன்றைக்கே முதல் தவணை. கூடத்தில் மேஜை போட்டு, ‘வாங்க’ என்றேன். முதலில் வந்தவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்தார், வணக்கம் சொன்னார், பெஞ்சில் குப்புறப் படுத்தார், வேட்டியைத் தளர்த்தினார். நான் பதறிப்போய், “ஐயா, இது தோளில் போடுகிற ஊசி” என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஈரல் இருக்கிற இடத்துக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். இடுப்பு என்றாலாவது பக்கம்.

போட்டு முடித்துப் பஞ்சை அழுத்தியபோது, அவ்வளவுதானா என்று பார்த்தார். வலி இல்லாத ஊசியில் மருந்து இருக்காது என்பது நம் ஜனங்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. இரண்டு நாள் நொண்டினால்தான் அது ஊசி. வெளியே வரிசையில் நின்றவர்களிடம் அவர் போய்ச் சொன்னது என் காதிலேயே விழுந்தது: “தைரியமா போங்கவே. சின்னப் பிள்ளையளுக்குப் போடுத ஊசியைக் கொண்டாந்து நம்மள ஏமாத்துதாக.”

சஷ்டி விரதம்

இருபத்தொன்பது பேருக்குப் போட்டாயிற்று. முப்பதாவது ஆள் வரவில்லை. அவர் நெல்லையப்பன் அண்ணாச்சி. டவுனில் அரிசி மண்டி வைத்திருந்தவர். ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். ‘சார்வாளை அனுப்புங்கள்’ என்று முதலில் கிளப்பியதும் அவர்தான். இத்தனைக்கும் இரண்டு பேரும் நாலு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சாயங்காலம் சேர்ந்து ஆற்றுக்குப் போய்ப் படித்துறையில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுகிறவர்கள். சேதி தெரிந்த அன்றே அண்ணாச்சி தன் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதைக் கேட்டபோதே எனக்கு அவர்மேல் எரிச்சல்.

அறைக்கே போய்க் கூப்பிட்டேன். நெற்றி நிறைய விபூதியோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த டிரேயைப் பார்த்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. ‘இன்றைக்குச் சஷ்டி, விரதம்’ என்றார். விரதத்துக்கும் ஊசிக்கும் பகையில்லை என்றேன். அலமாரியின் மேல் காலி வடைத்தட்டு ஒன்று இருந்தது; சட்னி இன்னும் காயவில்லை. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கொஞ்சமும் அசராமல் சொன்னார்: “அது பலகாரம்லா. பலகாரத்துக்கு விரதத்துல எடமுண்டு, ஊசிக்குக் கெடையாது.”

ஃப்ரிட்ஜின் மேல்தட்டு

இரண்டாம் தவணைக்கு நான் செய்த புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. காலையில் பஸ் சரியாகக் கிடைக்காது என்று முந்தின நாளே மருந்தைக் கொண்டுபோய் இல்லத்து ஃப்ரிட்ஜில், நடுத்தட்டில், மாவுப் பாத்திரத்துக்கும் மல்லிகைப் பூவுக்கும் இடையில் வைத்தேன். சமையல் பொறுப்பு கோமதி ஆச்சிக்கு. ‘சூடு படாமப் பாத்துக்கோங்க ஆச்சி, இதை நம்பித்தான் சார்வாள் இருக்கார்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் திறந்தால் நடுத்தட்டில் மருந்தைக் காணோம். சார்வாள்மேல் உள்ள பிரியத்தில் ஆச்சி அத்தனையையும் மேலே ஐஸ் கட்டுகிற பெட்டிக்குள் அடுக்கி, ஈரத்துணியும் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு குப்பியும் கல்லாக உறைந்திருந்தது. இந்த மருந்து உறைந்தால் செத்தது. உருக்கிப் போட்டும் பிரயோஜனமில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். புது மருந்து வரப் பத்து நாளாயிற்று. டாக்டரம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆச்சியும் என்னோடு சேர்ந்து அழுதார். ஆனால் தப்பை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்: “உவரிக்காரி நீயே ஐஸ் ஆகாதுங்கியே. உங்க ஊரு மீனு பாளையங்கோட்டைக்கு ஐஸ் இல்லாமலா வருது?”

இலை விபூதி

பத்து நாள் கழித்துப் போனால் அண்ணாச்சியின் கட்டில் காலி. விடிகாலை முதல் பஸ்ஸிலேயே திருச்செந்தூர் போய்விட்டாராம். இருபத்தொன்பது பேருக்கும் போட்டுவிட்டு, சாயங்காலம் வரை காத்திருந்தேன். விடுவேனா?

வந்தார். பன்னீர் இலையில் மடித்த விபூதியை என் கையில் வைத்தார். நான் கோயிலுக்குப் போகிற ஜாதியா, சர்ச்சுக்குப் போகிற ஜாதியா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. ஊசி எடுக்க என் கை காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். “உங்களால் சார்வாள் தெருவுக்குப் போகப்போகிறார், தெரியுதா?” என்று நேராகவே கேட்டேன். ஒரு கணம் அந்தப் பெரிய முகம் வாடியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “ஆறு முகத்தோட ஒருத்தன் அங்கன நின்னு என்னைப் பாத்துக்கிடுதான். உன் ஊசி வேற எதுக்கு தாயீ?”

குளியலறைக் கதவு

மூன்றாம் தவணை நாள். நான் போனபோது சார்வாள் தன் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்து, வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, தானாகவே. மேனேஜர் அவரை வெளியே போகச் சொல்லும் நிர்வாகத்தின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார். மற்ற இருபத்தொன்பது பேருக்கும் போட்டுவிட்டு அண்ணாச்சி எங்கே என்று தேடினால், குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார். அரை மணி நேரமாகக் குளிக்கிறார். அவர் துண்டு வெளியே கொடியில் காய்கிறது. நான் தட்டினேன், மேனேஜர் தட்டினார், ஆச்சி கரண்டியால் தட்டினார். தண்ணீர்ச் சத்தம்தான் கூடியது.

கடைசியில் சார்வாள் எழுந்து வந்தார். “தண்ணியை நிறுத்தும்வே, கேக்கணும்” என்றார். தண்ணீர் நின்றது. “ஊசின்னா பயமாவே?” உள்ளேயிருந்து எங்கள் அரிசி மண்டிச் சிங்கத்தின் குரல் மெலிசாக வந்தது: “சின்ன வயசுலேருந்தே ஆகாதுவே. பாத்தாலே மயக்கம் வருது. சேதி வந்த அன்னைக்கே எல்லாருக்கும் ஊசின்னு பேச்சு. நீரு போயிட்டா யாருக்கும் ஊசி வேண்டாம்னு ஆயிரும்லா, அதான் அப்படிச் சொல்லிப்புட்டேன்.” ஆறு மாதமாக நான் வைராக்கியம் என்று நினைத்தது வெறும் நடுக்கம். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சார்வாளுக்கு இரண்டுமே வரவில்லை. “அம்மை குத்த வரும்போது முந்நூறு பயலுவளைக் கையைப் பிடிச்சு நிறுத்தினவன்வே நான். நீரு ஒரு ஆளு. பைய வாரும்” என்றார். தாழ்ப்பாள் திறந்தது. ஒரு பொட்டு நனையாமல் வந்து நின்றார் அண்ணாச்சி.

நாற்காலியில் உட்காரவைத்தேன். நான் மருந்தை இழுப்பதற்குள் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் துழாவி, சார்வாளின் கையை எட்டிப் பிடித்தார். ஆறு மாதமாக அந்தக் கையை ஒருவரும் தொட்டதில்லை. போட்டு முடித்தேன். ‘ஆச்சு அண்ணாச்சி’ என்றேன். அவர் விடவில்லை. சார்வாளின் விரல்கள் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தார். இது முதல் தவணைதான், மற்றவர்கள் முடித்துவிட்டார்கள், உங்களுக்கு இன்னும் இரண்டு இருக்கிறது என்று பயந்துகொண்டே சொன்னேன். அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். மேனேஜரைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். பழைய குரல் திரும்பி வந்து கூடமே அதிர்ந்தது: “அப்ப சார்வாள் இங்கனதான் இருக்கணும், சொல்லிட்டேன். அவரு கை இல்லாம எவளும் எனக்கு ஊசி போடப்பிடாது!”

மூன்று தவணையும் முப்பது பேரும் ஒரு பெட்டி உறைந்த மருந்துமாக நான் ஆறு மாதம் அல்லாடியும் முடியாததை, சார்வாள் சும்மா கையைக் கொடுத்தே முடித்துவிட்டார். அந்த மாதச் சம்பளம் என்னவோ எனக்குத்தான் வந்தது.