தாம்போதியில் நின்ற ஜீப்பும் அக்காவின் கோடிச் சேலையும்

நெடுந்தீவுப் பக்கம் சொந்த வண்டியில் போவது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். நானும் ஆவணிக்குள் போய்வந்து விரிவாக எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். போய்வந்துவிட்டேன், ஆனால் நினைத்த பயணமாக அது இருக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை விடியப்புறம் நெடுந்தீவிலிருந்து அத்தான் தொலைபேசியில் அழைத்தார். நெஞ்சு நோகிறது என்று எழும்பி இருந்த அக்கா, அப்படியே சரிந்துவிட்டாள் என்றார். எனக்கு அவள் ஒருத்திதான் கூடப்பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியிருந்ததும் நான் ஒருத்திதான்.

எங்கள் வழக்கப்படி, கணவன் இருக்க இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். அதைப் போர்த்திவிட்டுத்தான் எடுப்பார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதும் இல்லை, வாசல் படலையோடு நின்றுவிட வேண்டும். ஆகவே அக்காவின் முகத்தை நான் கடைசியாகப் பார்ப்பதென்றால், எடுக்க முன்னர் அந்த முற்றத்துக்குப் போயாக வேண்டும். ஒரு மணிக்கு எடுப்பதாக அத்தான் சொன்னார். தீவில் சாவுக்கும் படகுதான் நேரம் வைக்கிறது. வெளியிலிருந்து வரும் சொந்தங்களும் குருக்களும் பின்னேரப் படகில் திரும்ப வேண்டும்.

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நூற்று நாற்பது கிலோமீற்றர். என்னுடைய பழைய டீசல் ஜீப் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் கலியாணம் கட்டாததால் அக்கா அதை இரும்பு மாப்பிள்ளை என்பாள், எப்போது கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று கேட்பாள். மாப்பிள்ளை அன்று ஆனையிறவு கடந்து யாழ்ப்பாணம் வரை ஒரு குறையும் வைக்கவில்லை. கடை திறக்கும்வரை வாசலில் நின்று, மாம்பழ நிறத்தில் சிவப்புக் கரை வைத்த சேலை ஒன்று வாங்கினேன். விலை கேட்ட நினைவே இல்லை. அங்கிருந்து, நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறைக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர். பதினொரு மணிப் படகைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி தாண்டி, அல்லைப்பிட்டியில் முதல் அறிகுறி தெரிந்தது. சிக்னல் விளக்கைப் போட்டால் வெப்பமானி முள்ளும் சேர்ந்து ஆடியது. சம்பந்தமில்லாத இரண்டு சேர்ந்து ஆடினால் எர்த் வயரைப் பார் என்று இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன். அன்று பார்க்கவில்லை, ஓடினால் போதும் என்றிருந்தது. வேலணை கடந்து, கடலுக்கு மேலால் புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதித் தெருவின் நடுவில் எஞ்சின் நின்றது. இரண்டு பக்கமும் கடல், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது.

சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்', அவ்வளவுதான். பற்றரி முனைகள் இறுக்கமாக இருந்தன. மீற்றர் பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. அப்படியானால் பற்றரியில் பிழையில்லை, மின்சாரம் திரும்பி வரும் வழியில்தான் பிழை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் கொளுவிச் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது. எஞ்சினையும் வண்டிச் சட்டமான சாசியையும் இணைக்கும் எர்த் பட்டை வயரைக் கையால் தொட, பச்சைத் தூளாக உதிர்ந்தது. அக்காவிடம் போகும்போதெல்லாம் ஜீப்பைத் துறையில் நாட்கணக்காக விட்டுவிட்டுப் போவேன். உப்புக் காற்றில் நிற்கிறதே என்று இரக்கப்பட்டு, அங்குள்ள தேநீர்க் கடைக்கார அண்ணை ஒவ்வொரு முறையும் கழுவி வைப்பார். அவருடைய கிணறு உவர்க் கிணறு, அந்த உப்புத்தான் வயரைத் தின்றிருக்கிறது. குடிக்கிற நல்ல தண்ணீரைத் தீவில் யாரும் வண்டிக்கு ஊற்ற மாட்டார்கள்.

கேபிளை வயரால் வரிந்து கட்டிக்கொண்டிருந்தபோது பதினொரு மணிப் படகுக்குப் போகும் குறிகட்டுவான் பஸ் வந்து பக்கத்தில் நின்றது. ஏறச் சொல்லி நடத்துநர் கூப்பிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாளிலும், பிழையைக் கண்டுபிடித்த சந்தோசம் எனக்கு வந்தது. சரியாகிவிட்டது, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினேன்.

அரைக் கிலோமீற்றர் போயிருக்க மாட்டேன். அடியில் 'டங்' என்று ஒரு சத்தம், பிறகு இரும்பு தாரில் அடிபடும் சத்தம். குனிந்து பார்த்தேன். பின் சக்கரச் சில்லுகளுக்குச் சக்தி கொண்டுபோகும் நீண்ட ஷாப்டின் முனையில், கராஜ்காரர் 'குறோஸ்' என்று சொல்லும் சிறு இணைப்பு உடைந்து, ஷாப்ட் ஒரு பக்கம் தொங்கியது. அதற்குள்ளும் உப்புத்தான். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பின் ஷாப்டை முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டு, நாற்சில்லுக் கியரைப் போட்டால் முன் சில்லுகள் மட்டும் இழுக்கும், மெதுவாகப் போகலாம். ஆனால் கழற்ற வேண்டிய எட்டு ஆணிகளும் துருவேறிக் கல்லாகியிருந்தன. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. கடந்துபோன இரண்டு மோட்டார் சைக்கிள்களிலும் மும்மூன்று பேர் இருந்தார்கள்.

கீழே தண்ணீரில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் ஏறி வந்தார். பெயர் அந்தோனி, புங்குடுதீவு மடத்துவெளிக்காரர். முன் இருக்கையில் இருந்த சேலைப் பையையும் என் முகத்தையும் பார்த்து, செத்த வீடோ என்று மெதுவாகக் கேட்டார். ஓம் அண்ணை, அக்கா என்றேன். என் கை முழுக்கக் கிறீஸ் என்பதால் பையைத் தானே எடுத்துத் தன் சைக்கிள் கைபிடியில் மாட்டினார். பிறகு எங்கேயோ போய் ஒரு இரும்புக் குழாயோடு வந்தார். அதை ஸ்பனரில் செருகி, நான் கீழே படுத்துப் பிடிக்க அவர் மிதித்தார். ஆறு ஆணிகள் வந்தன, இரண்டு முறிந்தன. முறிந்ததும் நல்லதுதான், ஷாப்ட் கழன்றால் போதும்.

இடையில் அத்தான் அழைத்தார். கிறீஸ் கையோடு எப்படிக் கதைப்பது, அந்தோனி அண்ணைதான் தொலைபேசியை என் காதில் பிடித்தார்.

"இரண்டு மணி வரைக்கும் வைச்சிருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். அதுக்கு மேல ஏலாது போல கிடக்கு. சனம் படகுக்குப் போகவேணும். நீர் எங்க நிக்கிறீர்?"

வாறன் அத்தான், வந்திடுவன் என்றேன். தாம்போதியில் நிற்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஷாப்டை ஜீப்புக்குள் தூக்கிப் போட்டு, அந்தோனி அண்ணை சேலைப் பையை முன் இருக்கையில் வைத்துவிட, முன் சில்லுகளில் உருட்டிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர ஒன்றே காலாகிவிட்டது. மணிக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல் போகவில்லை. அடுத்த படகு ஒன்றே முக்காலுக்கு. அந்தப் படகில் போனால் சரியாக இருக்காது என்று எனக்குத் தெரியும், கடக்கவே ஒரு மணித்தியாலம் எடுக்கும். எல்லாம் தெரிந்துகொண்டே ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் நயினாதீவைக் கை நீட்டிக் காட்டிப் படம் எடுத்தது. சத்தம் போட்டு அழ வேண்டும் போல இருந்தது. கடல் நீரில் கை கழுவினேன், கிறீஸ் போகவில்லை. சேலையை அந்தக் கையால் தொட முடியாமல் பையை முழங்கைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இருந்தேன்.

நெடுந்தீவு இறங்குதுறையில் ஓட்டோக்காரப் பெடியன் என்னைக் கண்டதும், இரண்டேகாலுக்கு எடுத்திட்டினம் அக்கா என்றான். சுடலைக்கு விடு என்றேன். கொஞ்சம் யோசித்தான், ஆனால் விட்டான். கற்களை அடுக்கிக் கட்டிய மதில்களுக்கு நடுவால் அந்தக் குறுகிய ஒழுங்கை போகிறது. சுடலைக்குத் திரும்பும் இடத்தில் வயதான ஒருவர் நடுவில் நின்றார். கையை நீட்டி மறிக்கவில்லை, வெறுமனே நின்றார். இதுக்கு அங்கால பொம்பிளையள் வாறேல்லைப் பிள்ளை என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. துருவேறிய எட்டு ஆணியை நடுத்தெருவில் கிடந்து கழற்றியவளுக்கு ஐம்பது யார் தூரம் நடக்க உரிமை இல்லையா? தள்ளிக்கொண்டு போயிருப்பேன். அப்போது அத்தான் உள்ளேயிருந்து வந்தார். வேட்டி நனைந்து, தோளில் துண்டுகூட இல்லாமல், ஓட்டமும் நடையுமாக வந்தார். அந்த மனிதரைப் பார்த்த பிறகு அங்கே ஒரு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் மூட்டவில்லை, தாரும் என்று இரண்டு கையையும் நீட்டினார். பையைக் கொடுத்தேன். மதில் ஓரத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பனைகளுக்கு மேலே புகை எழுந்தது. அக்காவை நான் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடியும்வரை நின்றேன். குறிகட்டுவானுக்குத் திரும்பி வந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரை அழைப்பித்து, குறோஸும் எர்த் வயரும் புதிதாகப் போட்டேன். போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை இவைதான். வண்டியை நெடுந்தீவுக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள், குறிகட்டுவானில் விட வேண்டும். படகு நேரம் மாறும், முதல் நாளே கேளுங்கள். உப்புக் காற்றில் நின்ற வண்டியை நல்ல தண்ணீரால், அதுவும் அடிப்பக்கம் கழுவுங்கள். எர்த் முனைகளைச் சுரண்டிக் கிறீஸ் பூசுங்கள். குறோஸுக்கு ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கிறீஸ் அடியுங்கள். ஒரு இரும்புக் குழாய் வைத்திருங்கள். இது எல்லாம் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு. ஒருவரின் முகம் பார்க்கப் போவதென்றால், முதலில் வருகிற எதிலாவது ஏறிவிடுங்கள்.

தீவிலிருந்து நான் புறப்பட்ட காலையில் அத்தான் துறைவரை வந்தார். அந்த எட்டு நாளும் கேட்க நினைத்து, கேட்கப் பயந்திருந்ததை அங்கேதான் கேட்டேன். சேலை சரியாக இருந்ததா என்றேன். அவர் என் பையைப் படகுக்குள் தூக்கி வைத்தார். படகில் கயிறு அவிழ்க்கும்போது சொன்னார்.

"கால் வரைக்கும் வடிவாப் போத்திவிட்டனான். பிறகு குனிஞ்சு, தங்கச்சி கொண்டு வந்திட்டா, வெளியில நிக்கிறா எண்டு காதுக்குள்ள சொன்னனான். சொல்லிப்போட்டுத்தான் மூட்டினனான்."