டிம் அடித்துக்கொண்டே வந்த வண்டி

லைட் எரிகிறது என்றுதான் நானும் என் மகனும் நினைத்திருந்தோம். பூம்பாறையைத் தாண்டி மன்னவனூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயிலாக இருந்த மத்தியானம். ஒரு வளைவு திரும்புவதற்குள் பனி இறங்கி ரோட்டை மூடிவிட்டது. எங்கள் பிக்கப்பின் முன்னால் மஞ்சளாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அது போதும் என்று உருட்டிக்கொண்டே போனோம். திடீரென்று முதுகுக்குப் பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. ஒரு வேன் எங்கள் பின்கதவை இடிக்க ஒரு சாண் இருக்கும்போது ஒதுங்கி, ஒரு சக்கரத்தை ஓரத்து ஓடையில் இறக்கி நின்றது.

வேன்காரர் இறங்கி வந்து முதலில் திட்டினார். பிறகுதான் காரணத்தைச் சொன்னார். "முன்னாடி ஜம்முனு எரியுது, பின்னாடி ஒரு பொட்டுச் சிவப்பு இல்லையேய்யா! நான் எதைப் பாத்து நிக்கிறது?"

இந்த வண்டியில் எஞ்சின் ஓடினாலே போதும், முன்விளக்கு அரை வெளிச்சத்தில் தானாக எரியும். பகலிலும் எதிரே வருகிறவர் பார்க்கட்டும் என்பதற்காகக் கம்பெனியே வைத்த ஏற்பாடு. டிஆர்எல் என்பான் மகன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்னால் வெளிச்சத்தைப் பார்த்ததும் லைட் போட்டாயிற்று என்று மனசு நம்பிவிடுகிறது. சுவிட்சைப் போட்டால்தான் பின்னால் சிவப்பு எரியும். அவன் போடவில்லை. பக்கத்திலிருந்த எனக்கும் தோன்றவில்லை.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்தக் கிறீச் என்னை விடவில்லை. வகுப்பில் கணக்குப் போடும்போது பெஞ்சை யாராவது இழுத்தால் சாக்பீஸ் கையிலிருந்து விழுகிறது. மகனோ திங்கட்கிழமை வெள்ளனே கேரட் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டும். மலை இறங்கும் வழி முழுக்கப் பனி இருக்கும். சுவிட்சைப் போட்டால் மட்டும் எரிகிற லைட்டாக மாற்றாமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதும்விட்டேன். அதனால்தான் ஒத்துக்கொண்டான்.

பழனி பஜாரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பாய் ஒரு ஜோடி எல்இடி ஹெட்லைட்டும், ரிலேயோடு சேர்ந்த வயர் கட்டும் பஸ்ஸில் போட்டுவிட்டிருந்தார். சனிக்கிழமை சாப்பிட்ட கையோடு முற்றத்தில் பானெட்டைத் திறந்தோம். டார்ச் பிடிக்கத்தான் போனேன். கொஞ்ச நேரத்தில் டார்ச்சை ரேடியேட்டர் மேல் வைத்துவிட்டு நானும் குனிந்துவிட்டேன்.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர். அதுதான் புது லைட்டுக்கு முழுக் கரண்டும் கொண்டுபோகிறது. நடுவில் தீப்பெட்டி அளவில் ரிலே, உத்தரவு வந்தால் அந்தக் கரண்டைத் திறந்துவிடும் பெட்டி. பழைய பல்பின் சாக்கெட்டிலிருந்து ஒரு மெல்லிய வயர் ரிலேவுக்குப் போய், 'இப்போது எரி' என்று மட்டும் சொல்லும். கடைசி முனையைச் செருகிவிட்டு மகன் சுவிட்சைப் போட்டான். எதிர்ச்சுவரில் வெளுப்பாக, கோடு போட்டதுபோல் வெளிச்சம் விழுந்தது. பட்டப்பகலில்! நான் கைதட்டினேன்.

"ஏம்மா, அக்கம்பக்கம் பாக்குது."

"பாக்கட்டும்லே. போய் ஓட்டிப் பாப்போம், வா."

சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்பினோம். வெயில் இருந்தது, லைட் எதற்கு? கொஞ்ச தூரம் போயிருப்போம். குறுகலான ஏற்றத்தில் எதிரே டூரிஸ்ட் ஜீப் ஒன்று வந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றது. நின்றதோடு விடாமல் மளமளவென்று பின்னாலேயே போனது. அகலமான இடம் வரைக்கும் போய், மலைச்சரிவை ஒட்டி ஒடுங்கி நின்றது. எங்கள் மலையில் எதிரே வருகிறவன் லைட்டை மின்ன மின்ன அடித்தால், டிம் அடிக்கிறான் என்போம். 'என்னால் நிற்க முடியாது, நீ நில்' என்று அர்த்தம். நாங்கள் அப்படி ஒன்றும் செய்யவில்லையே என்று யோசித்துக்கொண்டே பக்கத்தில் போய் நிறுத்தினோம்.

ஜீப்காரர் தலையை வெளியே நீட்டினார். எங்கள் ஊர்க்காரர்தான். அவர் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள்.

"ஏலே, நிக்காதலே! வெரசாப் போ! டீச்சருக்கு என்ன, நெஞ்சுவலியா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களே."

"பின்ன ஏன் மொகம் வெளுத்துக் கெடக்கு?"

"அது ஒரு வாரமா அப்படித்தான்ணே கெடக்கு," என்றான் மகன்.

"அப்ப எதுக்குலே கொட்டடிக்கிற மாதிரி டிம் அடிச்சிக்கிட்டே வார? நான் ஆஸ்பத்திரிக் கேஸுன்னு பதறி ரிவர்ஸ் எடுத்தேன். உள்ள உக்காந்திருக்கிற சென்னைக்காரங்க குலசாமியக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க!"

"நான் சுவிட்சத் தொடவே இல்லண்ணே!"

"எறங்கிப் பாரு."

இறங்கிப் பார்த்தோம். சுவிட்ச் அணைந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புது ஹெட்லைட் இரண்டும் பைத்தியம் பிடித்ததுபோல் மின்னிக்கொண்டிருந்தன. பானெட்டைத் திறந்தால், உள்ளே ரிலே 'டிக்டிக்டிக்' என்று துடித்தது. ஜீப்பிலிருந்த ஒருவர் அதைப் படம்கூடப் பிடித்துக்கொண்டார். மகனுக்கு அவமானம். எனக்கோ பயத்துக்குப் பதிலாக வேறு ஏதோ ஏறியது. வகுப்பில் விடை தட்டுப்படுவதற்குச் சற்று முன்னால் வருமே, அந்தப் படபடப்பு.

வீட்டுக்கு வந்ததும் டெஸ்ட் பல்பை எடுத்து அந்த மெல்லிய வயரில் வைக்கச் சொன்னேன். எஞ்சின் ஓட, சுவிட்ச் போடாமல், பல்பு பாதியாக எரிந்தது. சுவிட்சைப் போட்டால் முழுதாக எரிந்தது.

"அரைக் கரண்டுலே!" என்று கத்தினேன். "உன் டிஆர்எல் அந்த வயர்ல அரைக் கரண்டத்தான் அனுப்புது. பழைய பல்பு மங்கலா எரிஞ்சுக்கிட்டு பேசாம இருந்துச்சு. ரிலேவுக்கு 'எரி'ன்னும் கேக்கல, 'எரியாத'ன்னும் கேக்கல. அது ரெண்டுங்கெட்டானாத் துடிக்குது!"

"அப்ப அதுக்கு முழுசா ஒரு உத்தரவு வேணும். எங்கேர்ந்து எடுக்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வண்டியின் பின்பக்கம் பார்த்தோம். பின்விளக்குக்குப் போகும் வயர்! சுவிட்சைப் போட்டால் முழுக் கரண்ட், இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. அதிலிருந்து ரிலேவுக்கு ஒரு கிளை எடுத்தால், சிவப்புக்குக் கரண்ட் போகாமல் முன்னால் வெள்ளை எரியவே எரியாது. மகன் பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"தாராளமா எடுங்க தம்பி," என்றார் அவர். "அந்த அரைக் கரண்ட வீணாக்காதீங்க. லைட்டு ஓரத்துல பட்டையா ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுக்குக் குடுத்துருங்க. பகலுக்கு அது போதும். பின்னால கூச்சல் போடுறது யாரு, அம்மாவா?"

"அம்மாதான் பாய். இந்த வாரத்துல இன்னைக்குத்தான் சத்தம் வந்திருக்கு."

இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம். எஞ்சின் ஓடினால் பட்டை மட்டும் மெல்லிய கோடாக எரிந்தது. தரையில் துளி வெளிச்சம் விழவில்லை. அதை நம்பி யாரும் ஏமாற முடியாது. சுவிட்சைப் போட்டால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. நான் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடி ஓடிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது எங்கள் வேலி தெரியவில்லை, அவ்வளவு பனி. கேரட் மூட்டைகளோடு வண்டி கிளம்பியது. முற்றத்தில் பார்த்தது போதாது என்று மனசு சொல்ல, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அந்த வேன்காரர் இருந்த இடத்தில் இருந்து பார்க்க வேண்டும் எனக்கு. வேண்டுமென்றே பின்தங்கினேன். வண்டி மறைந்தது, மூட்டைகள் மறைந்தன, சிவப்பு இரண்டும் மட்டும் தெரிந்தன. இன்னும் பின்தங்கினேன். அப்போதும் தெரிந்தன.

மகன் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வந்தான்.

"மார்க்கெட் வரைக்கும் வருவியாம்மா?"

"நீ போலே, சோலியைப் பாரு. நான் ஒரு வளைவுதான்."

"மூணு வளைவு வந்துட்ட."

சிரித்துக்கொண்டே ஏறிக் கிளம்பினான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சிவப்பு இரண்டும் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் அவற்றை மறைத்தது ரோட்டின் திருப்பம்தான், பனி அல்ல. ஸ்கூட்டியைத் திருப்பினேன், முதல் பீரியட் எனக்கு.