சாம்பிராணிக்கு அடியில் ஒரு வாடை

போன மாதம் ரவிக்கை வாங்கப் போனேன். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். தைப்பவள் ஸ்டெல்லா. சொன்ன தேதியில் தைத்துத் தந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆகவே சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாம்பிராணிப் புகை. நட்டநடுப் பகலில்! ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. தையல் மிஷின் மேல் துணி மூடிக் கிடந்தது.

"ஸ்டெல்லா இல்லியா மாமி?" என்று அவள் மாமியாரைக் கேட்டேன்.

"கெடக்கா மக்ளே. மூணாம் மாசம், பிள்ள கலஞ்சு போச்சு." குரலைத் தாழ்த்தினார். "அதுக்குப் பொறவு அவ சரியில்ல. பேய் என்னவோ கூடியிருக்கு. அறையில ஒரு கெட்ட வாடை வருது... அதான் விடாம பொக போடுதேன். செவ்வாக்கெழம கோயிலுக்குக் கொண்டு போறோம். அங்க கட்டிப் போட்டா விட்டுப் போயிரும்."

ஸ்டெல்லாவின் புருஷன் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில். தடுக்க யார் இருக்கிறார்கள்?

உள்ளே போனேன். புகைக்கு நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமாட்டில், பேய் அண்டாமலிருக்க ஒரு வெட்டுக்கத்தி. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஸ்டெல்லாவுடையது இல்லை.

"அக்கா, அது போவல்ல," என்றாள் நிதானமாக. "உள்ளதான் கெடக்கு."

பொய் எதற்கு? ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கையைத் தொட்டுவிட்டேன் — அடுப்பாகக் கொதித்தது. குனிந்தபோது சாம்பிராணிக்கு அடியிலிருந்து அந்த வாடையும் வந்தது. மீன் நாற்றத்துக்கு அசையாத ஊரே பயந்துபோன வாடை.

"கோயிலுக்குச் செவ்வாக்கிழமை போலாம் மாமி. இன்னைக்கு ஒரு ஸ்கேன் எடுத்திருவோம்."

"ஸ்கேன்ல பேய் தெரியுமா?"

"தெரிஞ்சா டாக்டர் சொல்லட்டும்!"

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டர். இருட்டு அறை, ஏ.சி. குளிர், திரையில் மட்டும் சாம்பல் வெளிச்சம். டாக்டரம்மா அடிவயிற்றில் கருவியை நகர்த்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் கை நின்றது.

"இருக்கு," என்றார்.

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டு கதவோடு ஒட்டிக்கொண்டார்.

"நஞ்சுக்கொடித் துண்டு. கரு கலைஞ்சப்ப முழுசா வெளிய வரல்ல. உள்ளேயே அழுகுது. அதான் இந்தக் காய்ச்சலும் பிதற்றலும். அன்னைக்கு ஸ்கேன் பண்ணலியா?"

பண்ணவில்லை. 'எல்லாம் வந்தாச்சு' என்று ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"செவ்வாய்க்கிழமை வரை விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. ஏம்மா, வாடை வந்திருக்குமே... வீட்ல ஒருத்தருக்கும் தெரியல்லியா?"

"வந்துது," என்றார் மாமியார். "அதுக்குத்தானே பொக போட்டேன்..."

படுத்திருந்த ஸ்டெல்லா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நான் சொன்னேம்லா?"

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சுத்தம் செய்தார்கள். காய்ச்சல் இறங்கியது. பிழைத்துவிட்டாள். மாமியார்தான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார். பாசம் இல்லாத மனுஷி இல்லை, பயந்த மனுஷி. ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை. பேய் பிடித்தவள் என்றார்களே — அந்த வீட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னது அவள் ஒருத்திதானே?

ரவிக்கை மெதுவாக வரட்டும். இப்போதெல்லாம் சாத்திய வீட்டுக்குள்ளிருந்து பகலில் சாம்பிராணி மணந்தால் என்னால் கடந்துபோக முடிவதில்லை. கதவைத் தட்டிக் கேட்டுவிடுகிறேன்...

உள்ளே யார் படுத்திருக்கிறது?