சமையல்கட்டு ஜலதாரை

என் வீட்டுக்காரருக்கு இடுக்கு என்றால் ஆகாது. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் போதும், சாப்பிடுகிற சோற்றை விட்டுவிட்டு எழுந்துபோய் விரலால் தடவிப் பார்ப்பார். நாற்பது வருஷம் துறைமுகத்துச் சரக்குப் படகுகளுக்குக் கலப்பத்து அடித்த மனுஷர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத் திரியை வைத்து, உளியும் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலுமாக அடித்து இறக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவதுதான் அந்த வேலை. அவர் கை வைத்த படகில் ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார், காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். கூட வேலை செய்தவர்களும் அதையே சொன்னார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த ஒரு பேரைத் தவிர அவர் வேறெதையும் சம்பாதிக்கவில்லை.

வெள்ளைக்காரன் போன மறு வருஷம், முட்டி மடங்கவில்லை என்று வேலையை விட்டார். அன்றிலிருந்து என் வீடு அவருக்குப் படகாகிவிட்டது.

ராயபுரத்தில் எங்களுக்கு இருந்தது ஓட்டு வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. இருந்த இரண்டு ஜன்னல்களில் ஒன்றை முதல் மாதமே அடைத்தார். அடைத்தார் என்றால் சாத்தினார் என்று நினைக்க வேண்டாம். சுற்றிலும் திரி அடித்துப் பூசிவிட்டார். அடுத்தது அரிசிப் பெட்டி. உலை கொதித்துக்கொண்டிருக்கும், நான் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அதற்கப்புறம் வாசல் கதவு. அதைத் திறக்கத் தோளால் இடிக்க வேண்டும். மாதா கோயில் பூசைக்கு நேரமாகிவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஞ்சி போட்ட புடவையோடு நான் கதவை இடித்துக்கொண்டிருக்கிறேன், அவர் பக்கத்தில் நின்று, "பாத்தியாமே, இன்னா புடி புடிச்சிக்கினு கீது" என்கிறார்.

வீடு முழுக்கக் குங்கிலிய வாசனை. கோயிலில் தூபம் போடும்போது மற்றவர்களுக்குப் பக்தி வரும், எனக்குக் கோபம் வரும். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சாமியாரிடமே சொல்லியிருக்கிறேன். பொறுமையாக இரு என்றார். அவர் வீட்டுக் கதவு ஒழுங்காகத் திறக்கும்.

கடைசியில் சமையல்கட்டு ஜலதாரைக்கு வந்தார். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சுவரோரத்துத் துளை வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகும். பெருமழை பெய்தால் அதே துளை வழியாகச் சாக்கடை வீட்டுக்குள் வரும். ஐப்பசி பிறந்ததும் அதில் ஒரு மரத் தக்கையைச் செருகி, சுற்றித் திரி அடித்து, பூசி முடித்தார்.

"கழுவுற தண்ணி எங்க போவும்?" என்று கேட்டேன்.

"மொண்டு தெருவுல ஊத்து. ரெண்டு மாசந்தானே."

"எவனாவது ஜல்தாரைய அடைப்பானா?"

"ஓட்டைய வச்சிக்கினு எவனாவது கடலுக்குப் போவானாமே?"

நாம் கடலுக்குப் போகவில்லை, குடித்தனம் செய்கிறோம் என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்த எட்டாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து தெருவில் முழங்கால் தண்ணீர். எல்லார் வீட்டிலும் சாக்கடை புகுந்துவிட்டது, எங்கள் வீட்டில் மட்டும் தரை காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு மரக்கடை பாய் தண்ணீரில் நின்றபடி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "உன்து வூடு இல்ல மாமு, கப்பலு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் வீட்டுக்காரரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கதவை விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் காற்று எழுந்து, கூரையில் பத்துப் பன்னிரண்டு ஓடுகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. மழை அப்படியே உள்ளே கொட்டியது. கொட்டிய தண்ணீருக்குப் போக வழியில்லை. கொஞ்ச நேரத்தில் கணுக்கால் வரை வந்துவிட்டது. மகள் கயிற்றுக் கட்டிலில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அவர் தார்ப்பாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் மேல ஏறி மூடிட்டு வர்றேன். நீ மொண்டு ஜன்னலால ஊத்து. தக்கையத் தொடாத. உள்தண்ணிய மொண்டுக்கலாம், வெளித்தண்ணி வந்தா இன்னா பண்ணுவே?" என்றார். மடங்காத முட்டியை இழுத்துக்கொண்டு, உள்ளேயே சாத்திய ஏணியில் ஓடு போன இடத்துக்கு ஏறினார்.

நான் குண்டானால் மொண்டேன். மொள்ள மொள்ளத் தண்ணீர் ஏறியது. வெளியே போக ஒரு துளை இருக்கிறது, ஒரு மனுஷரின் வறட்டுப் பெருமைக்காக அது அடைபட்டுக் கிடக்கிறது, பச்சைக் குழந்தை நனைகிறது. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. தெருத் தண்ணீர் எங்கள் தரையைவிட உயரத்தில் நிற்கிறது என்பது மண்டையில் ஏறவில்லை. அவர் உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்து அடித்தேன். தக்கை அசையவில்லை. சுற்றியிருந்த திரியைக் குத்திக் கிளறி, அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அடித்தேன். கை கொப்புளம் போட்ட பிறகுதான் கழன்றது.

கழன்றதும் தெருவின் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு உள்ளே வந்தது. துணியைச் சுருட்டி அடைத்தேன், தள்ளிவிட்டது. கையை வைத்தேன், நிற்கவில்லை.

அவர் இறங்கி வந்தார். துளையைப் பார்த்தார், என் கையிலிருந்த உளியைப் பார்த்தார். அந்த அழுக்குத் தண்ணீரில் உட்கார்ந்து முதுகைத் துளையில் கொடுத்து, காலை எதிர்ச் சுவரில் உதைத்துக்கொண்டார். "மேல மூடிட்டேன். நீ மொண்டு ஊத்து" என்றார். விளக்கு வைக்கிற நேரம் வரை, தெருவில் தண்ணீர் வடிகிற வரை, அப்படியே இருந்தார். உதடு நீலம் பாரித்துவிட்டது. "எழுந்துரு நைனா" என்று மகள் கெஞ்சினாள். "கொழந்த பால் குடிச்சுதா?" என்று கேட்டார்.

அன்று திட்டுவார் என்று காத்திருந்தேன். மறுநாளும் காத்திருந்தேன். புதுத் தக்கை செதுக்கி அடித்தார், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிக் குடித்தனம் செய்வது? நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு, அழுது, மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

தெரு காய்ந்ததும் அவருடைய பழைய மேஸ்திரி பார்க்க வந்தார். சுவரில் சேறு படிந்திருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, உன் வூட்லயே பூந்துட்ச்சா?" என்று கேட்டார். நான் டீயோடு சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமாபா. நம்ம தக்க வுட்டுட்ச்சு. வயசாயி கை தளந்துபோச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

மேஸ்திரி சிரித்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். பிள்ளை பெற்றவள் படுத்திருந்த வீட்டில் சாக்கடையைத் திறந்துவிட்டவள் என்று சம்பந்தி வீட்டில் பேசுவார்களே என்று பயந்தேன். டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். மழைக்கு மழை இருமினார். பழைய கூட்டாளிகள் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "ஜல்தார எப்டி கீது?" என்று கேலி செய்வார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் ஆரம்பித்தால், "வுடுமே, பேஜாரு பண்ணாத" என்று எழுந்து போய்விடுவார். அந்த மனுஷருக்கு என்னதான் செய்ய முடியும்?

கல்லறையில் மண் போட்ட பிறகு மேஸ்திரி அழுதுகொண்டே சொன்னார்: "நாப்பது வருசம் ஒரு சொட்டு வுடாத கை. வூட்டு ஜல்தார ஒண்ணுதான் அவன ஏமாத்திட்ச்சு."

அங்கேயும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றேன். மேஸ்திரியும் இப்போது இல்லை, யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் இதை எழுதுகிறேன். அந்தத் தக்கை தானாக விடவில்லை. உடைத்தது நான்.